மடிப்புப் பிரிக்காத புத்தகம்

விடிந்ததும் வீரசிங்கம் எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் பின்னால் போய்ப் பீலியில் விழும் மலைத் தண்ணீரில் முகம் கழுவி வந்து, சமையலறைக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்தான். சீனி இல்லாத தேத்தண்ணீரை நின்றபடியே குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டை போட்டான். கிளம்பும் முன் புத்தக அறைக் கதவைத் தள்ளி, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தான்.

தினமும் பார்ப்பதுதான். உள்ளே போகமாட்டான். மனைவி ராக்கு செத்ததிலிருந்து அந்த ஜன்னலை அவன் மூடியதில்லை. மழை அடித்தது, மூடுபனி வந்தது, நனைந்தால் நனையட்டும் என்று விட்டிருந்தான்.

அன்று ஜன்னல் மூடியிருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தான். பிறகு கொண்டியைக் கவனித்தான். அது போட்டிருந்தது. காற்று கதவை அறையும், கொண்டி போடாது.

உள்ளே போனான். கொய்யாக்கட்டைக் கரியின் வாசனை, அடங்கிப்போன வாசனை, துவைத்த பிறகும் துணியில் தங்குகிற மாதிரி அறையில் தங்கியிருந்தது. மூலையில் அந்த மண்சட்டி இருந்தது. அதை ஏன் இன்னும் வெளியே எறியவில்லை என்று அவனுக்கே தெரியாது. குனிந்து சாம்பல்மேல் உள்ளங்கையை வைத்தான். ஆள் எழுந்துபோன பாயைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பெக்டரிக்குப் போனான். அன்று முழுதும் அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பூனாகலைக்கு மேலே அந்தத் தோட்டத்தின் தேயிலைப் பெக்டரியில் அவன் கிளார்க். லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் ஆட்கள் “கிளாக்கரய்யா” என்பார்கள். கங்காணி ஒருவரின் பேரன். பேராதனையில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவன். படிப்போடு சேர்ந்து ஒரு பைத்தியமும் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சிலும் செக்கிலும் யாரோ கிறுக்கர்கள் எழுதி, ஆங்கிலத்துக்கு வந்த கனவுக் கதைகள். கோர்ட்டில் தடை வாங்கியவை, பெரிய மனிதர்கள் வீட்டில் வைக்கக் கூசுபவை. கிடைத்த பிரதியெல்லாம் ஆகாது. மொழிபெயர்ப்பின் முதல் பதிப்பாக இருக்கவேண்டும். மேலுறை கிழிந்திருக்கக் கூடாது. கையில் எடுத்தால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

இப்படிப்பட்டவை ஊவா மலையில் கிடைத்தன என்பதுதான் வேடிக்கை. தனிமையில் புழுங்கிய சில துரைமார் லண்டனிலிருந்து தபாலில் வரவழைத்து, பங்களா அலமாரியில் விஸ்கிப் போத்தல்களுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம் துரைமார் ஒவ்வொருவராக ஊரைப் பார்க்கப் போனார்கள். அலமாரிகள் காலியாகின. பதுளைக் கடைவீதியில் பழைய சாமான் கடை வைத்திருந்த இத்ரூஸ் நானா, எந்தப் பங்களாவில் எப்போது சாமான்களை விற்கப் போடுகிறார்கள் என்று அவனுக்குச் சொல்லி அனுப்புவார்.

அந்த மலையில் புத்தகத்துக்குப் பகை மூடுபனி. நாலு மணிக்கு இறங்கி வந்து ஜன்னல் வழியே ஆளைப்போல உள்ளே நுழையும். ஒரு வாரத்தில் அட்டையில் வெள்ளையாய்ப் பூக்கும். ஒரு மாதத்தில் தாள் நாய் நனைந்த நாற்றம் அடிக்கும். பச்சைக் கொழுந்து சூட்டில் காய்வதைத் தினமும் பார்க்கிறவனுக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைப் பெட்டிப் பலகைகளில் தட்டுகள் அடித்தான். பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைப் பெக்டரியிலிருந்து கொண்டுவந்து ஜன்னல் இடுக்கு, கூரை இடுக்கு எல்லாவற்றிலும் ஒட்டினான். நடுவில் மண்சட்டியில் கரி நெருப்பு. அறையே ஒரு பெரிய தேயிலைப் பெட்டி ஆயிற்று. புத்தகங்கள் அப்பளம் போலக் காய்ந்தன.

நெருப்பைப் பார்த்துக்கொள்வது ராக்குவின் வேலை. இராக்கம்மா என்பது முழுப்பெயர். பொறி பறந்தால் போச்சு; அதனால் பக்கத்திலேயே மணைக்கட்டையில் உட்கார்ந்து, பலகைத் துண்டால் விசிறிக்கொண்டிருக்கவேண்டும். புத்தகங்களைத் தொடக்கூடாது, கையில் கரி இருக்கும் என்று சொல்லியிருந்தான். தோட்டப் பள்ளியில் எட்டு வரை படித்தவள். ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து, உதடு அசைய வாசிப்பாள். வாசிக்க ஆசை அவளுக்கு.

“இதுல என்னதாங்க எழுதியிருக்கு?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஒரு ஊர்ல எல்லாரும் ராத்திரியில தங்களோட நிழலைக் கழட்டிக் கழுவிக் கொடியில காயப்போடுறாங்க. ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரியோட நிழலைத் திருடிப் போட்டுக்கிறான்.”

“வெள்ளைக்காரனுக்கு வேற வேலையே இல்லையா? ஒரு பொம்பள எழுதியிருந்தா, எந்தக் கடையில சவுக்காரம் கெடச்சிச்சின்னும் எழுதியிருப்பா.” சிரித்துவிட்டு இருமினாள். அப்போதே இருமல் இருந்தது.

கார்த்திகை மழையில் கொஸ்லந்தப் பக்கம் ஒரு பங்களாவில் சாமான் போடுகிறார்கள் என்று இத்ரூஸ் நானா சொல்லி அனுப்பினார். அங்கே கிடந்த புத்தகத்தின் பெயர் கேட்டதும் வீரசிங்கத்துக்குக் காது அடைத்தது. உலக யுத்தத்துக்கு முன் லண்டனில் ஒரு சின்ன அச்சகம் போட்ட நாவல். பெரும்பாலான பிரதிகளைப் போலீஸ் எரித்துவிட்டது. அதுவும் மடிப்புப் பிரிக்காத பிரதி. பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைத்து, ஓரம் வெட்டாமலே விட்ட புத்தகம்; வாசிக்கவேண்டுமானால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்கவேண்டும். பிரிக்காமல் இருந்தால் இன்னும் யாரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம். சேகரிக்கிறவனுக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“பிரிக்காத பொட்டலத்த வாங்கிப் பிரிக்காமலே வச்சிருப்பீங்களாக்கும்,” என்றாள் ராக்கு, அவன் புறப்படுவதற்கு முதல்நாள்.

புறப்பட்ட அன்று காலை மழை கொட்டியது. நெருப்பைப் பத்தவைத்து, அவளை உட்காரவைத்து, பனி உள்ளே வராமல் பார்த்துக்கொள் என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படியிறங்கும்போது திரும்பாமலே கையை அசைத்தான்.

பொழுது சாய வந்தான். புத்தகத்தை எண்ணெய்த் தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். அறைக்கதவைக் கொஞ்சம் திறந்தான். ராக்கு புத்தகத் தட்டில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் நன்றாகச் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவள் போல. அவனுக்குப் பின்னால் வாசலில் பனி நின்றது. அது உள்ளே போய்விடக்கூடாது என்று கதவை மெதுவாகச் சாத்தினான். சமையலறையில் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று பிறகு அவன் யோசிக்கவில்லை.

இரண்டாவது தடவை கதவைத் திறந்தபோதுதான் அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது.

ஆட்களைக் கூப்பிடப் போகும் முன் ஒரு காரியம் செய்தான். ஜன்னலிலும் கூரையிலும் இருந்த ஈயத்தாளை உரித்தான். சுருட்டிக் கூரைக்கடியிலுள்ள அட்டாலில் எறிந்தான். அதற்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சர் வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் முந்திக் கூப்பிட்டிருக்கலாமே கிளாக்கர்,” என்று மட்டும் சொன்னார்.

போலீஸுக்கும் ராக்குவின் தாய் பெரியாயிக்கும் அவன் ஒன்றையே சொன்னான். குளிருதென்று அவளே ஜன்னலை மூடிக்கொண்டாள், அடைத்த அறையில் கரிப்புகை ஏறிவிட்டது. கடைசியாக என்ன சொன்னாள் என்று பெரியாயி கேட்டாள். “பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொன்னா.” சொல்லச் சொல்ல அது நடந்ததுபோலவே ஆகிவிட்டது. அவனுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. தை முடியப்போகிறது, இன்னும் வரவில்லை.

ஜன்னல் மறுநாள் காலையும் மூடியிருந்தது. அதற்கு அடுத்த நாளும். சாம்பல் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. மழைக்காலம் முழுக்க ஜன்னல் திறந்தே கிடந்த அறையில் ஒரு புத்தகத்திலும் பூஞ்சணம் இல்லை. ஒன்றை எடுத்து முகர்ந்தான். சூளையிலிருந்து எடுத்த தேயிலை போல வாசம் அடித்தது. யாரோ அவன் சொன்ன வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சுருட்டி எறிந்த ஈயத்தாளில் ஒரு கீற்று, ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் திரும்ப ஒட்டியிருந்தது. சுருக்கமெல்லாம் நீவி, நகத்தால் அழுத்தி ஒட்டியது. உரித்துப் போட்டான். மறுநாள் இரண்டு பக்கமும் இருந்தது.

பிறகு அந்தப் புத்தகத்தைப் பார்த்தான். வாங்கி வந்த அன்றிலிருந்து அதை அவன் தொடவில்லை. மேல்தட்டில் தனியே இருந்தது. முதல் மடிப்புகள் பிரிந்திருந்தன. கத்தியால் பிரித்த நேரான ஓரம் அல்ல. பிசிறு பிசிறாக, பல் பல்லாக. ராக்கு எதையும் கொண்டை ஊசியால்தான் பிரிப்பாள். தபால், சீனிப் பொட்டலம், எல்லாம். பிரிந்த பக்கங்களில் ஒவ்வொரு வரிக்கும் கீழே மெல்லிய கரிக்கோடு ஒன்று ஓடியது. ஒரு சொல்லில் நின்று, நகர்ந்து, அடுத்ததில் நின்று. விரலின் கோடு.

சனிக்கிழமை பதுளைக்குப் போனான். பஸ்ஸில் பை மடியில் இருந்தது. தொடை சுட்டது.

“வாங்க தம்பி, வாங்க.” இத்ரூஸ் நானா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “என்ன இப்பிடி மெலிஞ்சி போயீக்கிறீங்க? எங்கட வீட்டுல ஸுலைஹா கேட்டுக்கொண்டே ஈக்கிறா, அந்தப் புள்ளைக்கு சோறு யாரு ஆக்கிக் குடுக்கிறண்டு.”

வீரசிங்கம் புத்தகத்தை மேசைமேல் வைத்தான். “இத நீங்களே வச்சிக்குங்க நானா. ஒண்ணும் வேணாம்.”

“சும்மாவா? தம்பி, இதுக்காக மழையில கொஸ்லந்தைக்கு ஓடின மனுசனா பேசுறது?” கையில் எடுத்தவர் மற்றக் கைக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார். “இது என்ன, அடுப்புக்குப் பக்கத்துல வெச்சிருந்தீங்களா? சூடா ஈக்குது. அல்லாவே, மலைநாட்டுல இப்பிடிக் காஞ்ச புத்தகத்த நான் கண்டதில்ல. எங்கட முத்தத்துல காயப்போட்ட கொச்சிக்கா மொளகா கூட இப்பிடிக் காயிறல்ல.” சிரித்துக்கொண்டே பக்கங்களைத் தட்டினார். சிரிப்பு நின்றது. “பிரிச்சிட்டீங்களே.”

“நான் பிரிக்கல.”

“வேற யாரு? பிரிக்காம ஈந்தா கொழும்புல ஒரு லோயர் கண்ண மூடிக்கொண்டு எடுத்திருப்பார். இப்ப இதக் கடலை சுத்தத்தான்.” கடைசிப் பக்கம் வரை தள்ளினார். “முடியப் போகுது. கடைசி மடிப்பு ஒண்டுதான் மிச்சம்.”

நேற்றுப் பார்த்தபோது பாதிதான் பிரிந்திருந்தது.

இத்ரூஸ் நானா விரலைப் பார்த்தார். கரி. வேட்டியில் துடைத்தார். புத்தகத்தை மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளி வைத்தார், கையால் அல்ல, அடிக்கோலால். “தம்பி, கோவிக்க வாணாம். இத நீங்களே கொண்டு போங்க. யாரோ வாசிச்சிக்கொண்டு ஈக்கிறாங்க. பாதியில பறிக்கிறது சரியில்ல.”

பண்டாரவளையில் பஸ் மாறி, தோட்டத்துப் பாதையில் இறங்கி நடந்தபோது மூடுபனி மலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. எதிரே பெரியாயி வந்தாள். இடுப்பில் சாக்குப் படங்கு, முதுகில் வெறுங்கூடை. மகள் செத்த பிறகு அவள் நடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

“மாப்புள, நில்லுங்க. ஒங்க வீட்டுப் பக்கமிருந்துதான் வாறேன். இன்னுமா கரி பத்த வைக்கிறீங்க?”

“இல்லையே அத்தை.”

“பொகப்போக்கியில வரல, ஆனா வாசன வருது. கதவத் தட்டுனேன். உள்ள யாரோ இருமுற மாதிரி இருந்திச்சி.” அவன் முகத்தைப் பார்த்தாள். “ஒண்ணு கேக்குறேன், கோவப்படாதீங்க. லயத்துக் காம்பராவுக்கு ஜன்னலே கெடையாது. அவ சின்னதுலயிருந்தே கதவத் தொறந்து போட்டாத்தான் படுப்பா. குளுருல நாங்கல்லாம் நடுங்குவோம், நான் ஏசுவேன், அடிச்சும் இருக்கேன். மூடுனா மூச்சு முட்டும்பா. அப்பிடிப்பட்டவ எப்பிடி மாப்புள தானா போயி ஜன்னல மூடுனா? அதுதான் எனக்குத் தூக்கமே வர்றதில்ல. புத்தி பெரண்டு போச்சோ, என் மேல எதும் வருத்தமோன்னு…”

பை தொடையில் சுட்டது. சொல்லிவிடலாம். நான்தான் மூடினேன் அத்தை, ஈயத்தாள் ஒட்டி மூடினேன். ஒரு வரி. பெரியாயி நின்றுகொண்டிருந்தாள். அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கத் தயாராக, வாயைச் சற்றே திறந்தபடி. சொன்னால் அவள் தூங்குவாள். அவனுக்கு அது தெரிந்தது.

“அவளேதான் மூடுனா அத்தை,” என்றான். “குளிருதுன்னு.”

பெரியாயி தலையை ஆட்டினாள். கூடையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள். சாய்ந்த நடை பனிக்குள் போய் மறைந்தது. பிறகு காலடிச் சத்தமும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது நாலு மணிதான் இருக்கும். ஆனால் பனி ஜன்னல்களில் வந்து படிந்து, வீடு முழுவதும் பால் கலந்த தேத்தண்ணீரின் நிறத்தில் மங்கிப்போய், சுவரிலிருந்த அவள் சேலைக்கொடியும் கவிழ்த்த கோப்பையும் அடுப்பும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோலத் தூரத்தில் தெரிந்தன. கூரைத் தகரத்தில் பனி சொட்டியது. எங்கோ கீழே பெக்டரிச் சங்கு ஊதி ஓய்ந்தது. கரி வாசனை இப்போது அடங்கியதாக இல்லை. புதிதாக, காரமாக, ஊதிவிட்ட நெருப்பின் வாசனையாக இருந்தது. சட்டியை வெளியே எறிவது, ஜன்னலைக் கோடரியால் உடைப்பது, புத்தகங்களை முற்றத்தில் குவித்து மழைக்குக் கொடுப்பது என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். கோடரியை எடுத்தான். பையை வைக்க மறந்தான்.

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ரக்.

நிறுத்தம். பிறகு மெல்லிய முணுமுணுப்பு, உதடு மட்டும் அசைவதுபோல. சொல் சொல்லாக.

கதவைத் தள்ளினான். அறைக்குள் நாலடி வைத்தான். சூடு முகத்தில் அறைந்தது. ஜன்னலைச் சுற்றி ஈயத்தாள். கூரைச் சந்தில் ஈயத்தாள். தட்டுகளுக்குப் பின்னால், தரை ஓரத்தில், எங்கும் வழவழவென்று நீவி ஒட்டிய ஈயத்தாள், கங்கு வெளிச்சத்தில் சிவப்பாக மின்னியது. மண்சட்டி நடுவில் இருந்தது. நிறைய நெருப்பு.

மணைக்கட்டையில் அவள்.

முதுகு தெரிந்தது. கூந்தல் அவிழ்ந்து தரைவரை கிடந்தது. ஊசி கையில் இருந்தது. ஒரு கையால் பலகைத் துண்டை விசிறினாள். மடியில் புத்தகம். அவன் பை லேசாக இருந்தது. எப்போது லேசானது?

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அறையவில்லை. மெதுவாக. தூங்குகிற ஒருத்தியை எழுப்பக்கூடாது என்று சாத்துகிறவன் சாத்துவதுபோல.

கோடரியைத் தூக்கினான். கைக்குக் கனத்தது. விழுந்தது. ஜன்னலுக்கு ஓடினான். கொண்டி வரவில்லை. நகத்தால் தாளைச் சுரண்டினான். நகம் பிய்ந்தது. தாள் பிய்யவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பனி. அவ்வளவு பனி. அவ்வளவு காற்று. ஒரு விரல் தூரத்தில்.

தலை சுற்றியது.

தரையில் உட்கார்ந்தான். தட்டில் சாய்ந்தான். நன்றாகக் காய்ந்த அட்டைகள் கன்னத்தில் இளஞ்சூடாகப் பட்டன. நெருப்புக்கு அந்தப் பக்கம் அவள் முகம் இப்போது தெரிந்தது. கன்னம் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன. கண் புத்தகத்தில். விரல் வரியின் கீழே. கடைசி மடிப்பு.

“ராக்கு,” என்றான். சத்தம் வரவில்லை.

அவள் தலை தூக்கவில்லை. விசிறுவதை ஒரு கணம் நிறுத்தி, அந்தக் கையை மட்டும் உயர்த்தி அசைத்தாள். அவனுக்குத் தெரிந்த அசைவு. அன்று காலை படியிறங்கும்போது, திரும்பிப் பாராமல் அவன் அசைத்தது. போய் வருகிறேன் என்று அல்ல. வேண்டாம் என்று.

சர்ரக்.

அவன் வாய் திறந்தது. குரல் அவனுடையதுதான். சொற்கள் அவனுடையவை அல்ல. போலீஸிடம் சொல்லாதவை, பெரியாயியிடம் சொல்லாதவை. மழையில் நனைந்த அவன் முதுகைப் பார்த்து, வாசற்படியில் நின்று, அவள் கடைசியாகச் சொன்னவை.

“என்னாங்க, தல சுத்துது. ஜன்னல ஒரு விரக்கட தொறந்து வச்சிக்கிறட்டுமா?”